ஒன்றரை ஏக்கர் தாழ்நிலம்: புல்வெளிப் பூங்காவா, மியாவாக்கியா, குட்டையா?

சென்னையில் எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் இடையில் இரண்டு சாலைகளும் ஒரு மழைநீர் வடிகாலும்தான் இருக்கின்றன. மனைப்பிரிவு போட்ட காலத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய ஒன்றரை ஏக்கர் நிலம் ஒன்று தெருக்கோடியில் கிடக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை போடுகிறவர்கள் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வது இதைத்தான். மனையாக விற்க முடியாத பள்ளமான மூலைதான் பெரும்பாலும் இப்படித் தானமாக வரும். எங்களுக்கு வந்ததும் அப்படித்தான்.

ஐப்பசியில் அங்கே தண்ணீர் ஏறும், தை வரைக்கும் முழங்கால் அளவு நிற்கும், பங்குனியில் தரை பாளம் பாளமாக வெடித்துவிடும். தாழ்ந்த பக்கம் சம்பும் கோரையும். மேட்டுப் பக்கம் நாலு பனை, ஒரு வயசான புங்கமரம், அதைச் சுற்றிச் சீமைக் கருவேலம். காலையில் போனால் தாழைக்கோழி, மடையான், ஆள்காட்டி இவற்றைக் கட்டாயம் பார்க்கலாம். இந்த நிலத்தை என்ன செய்வது என்று மண்டல அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க எங்கள் நலச்சங்கம் முடிவு செய்திருக்கிறது. கூட்டத்தில் பூங்கா வேண்டும் என்று ஒரு தரப்பு, நெருக்கமாகக் கன்று நட்டு வளர்க்கும் மியாவாக்கி அடர்வனம் வேண்டும் என்று இன்னொரு தரப்பு, மரம் மட்டும் வைத்தால் போதும் என்று சிலர். குட்டையாகவே விட்டுவிடலாம் என்று சொன்னவர்கள் நானும் இன்னும் இரண்டு பேரும். நான்கையும் நியாயமாக எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பூங்கா. புல்தரை, பேவர் பிளாக் நடைபாதை, சறுக்கு மரம், ஓப்பன் ஜிம், சுற்றுச்சுவர், விளக்கு. இதைக் கேட்கிறவர்களை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என் அம்மாவுக்கு முழங்கால் வலி. பக்கத்து வார்டு பூங்காவில் ஆறு சுற்று நடந்துவிட்டு, அங்கே கிடைத்த நாலு தோழிகளோடு பேசிவிட்டு வந்தால்தான் அன்றைய தினம் அவருக்கு நன்றாக இருக்கும். அந்த இடத்துக்குப் போக அவர் சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது. அடுக்குமாடியில் வளரும் குழந்தைகளுக்கு மண்ணில் விழுந்து எழ ஓர் இடம் வேண்டும். சாயங்காலம் பெண்கள் பயமில்லாமல் உட்கார்ந்திருக்க வெளிச்சமுள்ள பெஞ்சு வேண்டும். இதெல்லாம் அடிப்படைத் தேவை.

பூங்காவுக்கு இன்னொரு பலமும் உண்டு. சுவரும் பெயர்ப்பலகையும் இருக்கும் நிலத்தில் யாரும் சுலபமாகக் கை வைக்க மாட்டார்கள். அதற்காக முழுப் பாதுகாப்பு என்றும் நினைத்துவிட முடியாது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவிலியன் காலத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று 116 ஏக்கரில் ஒரு பூங்கா உருவானது. விக்டோரியா பப்ளிக் ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்ததில் இன்று மை லேடீஸ் பூங்கா என்ற சின்னத் துண்டுதான் மிச்சம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அந்த நேரத்தில் ஒரு நல்ல காரணம் இருந்திருக்கும்.

எங்கள் நிலத்துக்கு வருவோம். இதில் புல்தரைப் பூங்கா போட வேண்டுமென்றால் குறைந்தது ஒரு மீட்டராவது மண் கொட்டி மேடாக்க வேண்டும். ஒன்றரை ஏக்கர் என்பது சுமார் 6,000 சதுர மீட்டர். ஆக 6,000 கன மீட்டர் மண். பெரிய லாரி ஒன்றுக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்தாலும் 600 நடை. நடைமுறையில் வருவது மண்ணாக இருக்காது, கட்டடக் கழிவாகத்தான் இருக்கும். அந்தச் செலவைக்கூட விட்டுவிடலாம். இப்போது அரை மீட்டர் ஆழத்துக்கு அங்கே தண்ணீர் நிற்கிறது என்றால் அது 30 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் அளந்தால் 250 லாரி. மேடாக்கினால் அத்தனை தண்ணீரும் எங்கே போகும்? எங்கள் மூன்றாவது, நான்காவது தெருக்களின் கீழ்த்தள வீடுகளுக்குத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிச்சாங் புயலிலும் எந்த வீடுகளில் தண்ணீர் ஏறியது என்று எங்களுக்கு வீட்டு எண்ணோடு தெரியும்.

அப்புறம் கோடை. புல்தரை பச்சையாக இருக்க வேண்டுமென்றால் நாளைக்கு 5 மில்லிமீட்டர் அளவாவது தண்ணீர் காட்ட வேண்டும். அரை ஏக்கர் புல்லுக்கு மட்டும் தினம் 10,000 லிட்டர். 2019 கோடையில் இந்த ஊருக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த வருஷம் குடம் வரிசையில் வைத்த யாராலும் தினம் ஒரு லாரித் தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றச் சம்மதிக்க முடியாது. சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவர வசதியுள்ள இடங்களில் கணக்கு மாறும். எங்கள் பக்கம் அந்த வசதி இல்லை.

இரண்டாவது, மியாவாக்கி அடர்வனம். கூட்டத்தில் அதிகக் கைதட்டல் வாங்கியது இதுதான். சென்னை மாநகராட்சி 2020 வாக்கில் கோட்டூர்புரத்தில் ஆரம்பித்த பிறகு நகரமெங்கும் பல இடங்களில் வந்துவிட்டது. சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து கன்று, ஆழமாகக் கொத்தி எரு கலந்த மண், மேலே மூடாக்கு, இரண்டு மூன்று வருஷம் தண்ணீரும் களையெடுப்பும். அதன்பின் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். வெயிலுக்காக ஒன்றோடொன்று போட்டி போட்டுக் கன்றுகள் சரசரவென்று ஏறும். மூன்று வருஷத்தில் தலைக்கு மேல் பச்சை வந்துவிடும். குப்பை கொட்டி நாசமாகிப்போன மூலை, மேம்பாலத்துக்குக் கீழே தூசி பறக்கும் இடம், தொழிற்சாலைச் சுவரோரம் போன்ற இடங்களுக்கு இது அருமையான வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இந்த முறையை உருவாக்கிய ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி இதை எங்கிருந்து எடுத்தார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஜப்பானில் கோயில்களைச் சுற்றி வெட்டாமல் விட்ட சிறு காடுகளைப் பார்த்து, இந்த மண்ணில் மனிதன் கை படாமல் விட்டால் என்ன வளரும் என்று கணித்து, அந்த மரங்களையே நட்டார். 1970-களில் எஃகு ஆலைகளைச் சுற்றி அவர் போட்ட காடுகள் அப்படி வந்தவை. நம்மிடமும் அதே வழக்கம் இருக்கிறது. மரக்காணம் சாலையில் புத்துப்பட்டு ஐயனார் கோயில்காட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். வீரை, காசான், உலக்கைப்பாலை, குருந்து என்று கடற்கரையோர உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்கள் அங்கே நிற்கின்றன. நம் ஊர் மியாவாக்கியின் கன்றுப் பட்டியல் அந்த மாதிரிக் காட்டிலிருந்து வர வேண்டும். நான் போய்ப் பார்த்த சில இடங்களில் தேக்கும் கொய்யாவும் பாதாமும் நட்டிருந்தார்கள். நர்சரியில் என்ன கிடைத்ததோ அது. வீரைக்கன்று ஆயிரம் வேண்டும் என்று கேட்டால் எங்கே வாங்குவது என்பதே பெரிய கேள்வி. வீரை மெதுவாக வளரும் மரம் வேறு.

பட்டியல் சரியாக அமைந்தாலும் எங்கள் நிலத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. மனிதன் கை படாமல் விட்டால் இங்கே காடு வராது. வரப்போவது கழுவெளி, அதாவது சதுப்புநிலம். சம்பு, கோரை, ஓரத்தில் பனை. மியாவாக்கியின் சொந்த விதிப்படியே இங்கே மியாவாக்கி பொருந்தாது. அதைச் செய்ய வேண்டுமென்றால் நிலத்தை மேடாக்க வேண்டும். அப்படியானால் புல்தரைக்குச் சொன்ன 600 லாரி இதற்கும் உண்டு.

மரம் அதிகமானால் இயற்கை அதிகம் என்று நம்மில் நிறையப் பேர் மனதார நம்புகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். கிண்டி தேசியப் பூங்காதான் என்னை மாற்றியது. 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட, வெறும் 2.7 சதுர கிலோமீட்டர் காடு அது. புள்ளிமானுக்குப் புதர் நிழல் பிடிக்கும். வெளிமானுக்கோ பேரிலேயே வெளி இருக்கிறது. தூரத்தில் வருவதைப் பார்த்து ஓடிப் பிழைக்கிற விலங்கு. அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். புல்வெளியில் சீமைக் கருவேலமும் புதரும் ஏற ஏற அதற்கு இடம் குறைகிறது. அங்கே போய் நல்லெண்ணத்தில் மரம் நட்டாலும் வெளிமானுக்குக் கெடுதல்தான். எங்கள் தாழைக்கோழிக்கும் அதே கதை. சம்பை எடுத்துவிட்டு 18,000 கன்று நட்டால் குயிலும் கொண்டலாத்தியும் வரும், அவை நகரத்தில் வேறு நூறு இடங்களில் இருக்கின்றன. தாழைக்கோழிக்குப் போக்கிடம் கிடையாது.

மூன்றாவது யோசனையான மரப்பூங்காவைப் பற்றிக் கூட்டத்தில் அதிகம் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த ஓர் இடத்தை 2006 முதல் ‘நிழல்’ என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் கோட்டூர்புரம் மரப்பூங்காவாக வளர்த்தெடுத்தார்கள். மரங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, புல்தரை இல்லாமல், பாதையை மண்பாதையாகவே விட்டிருக்கும் இடம். மியாவாக்கிக்குள் ஆள் நுழைய முடியாது. இங்கே மரத்தடியில் நடக்கலாம், ஒவ்வொரு மரத்தையும் பேர் சொல்லிப் பழகலாம். தண்ணீர்ச் செலவும் முதல் சில வருஷங்களோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

எந்த மரம் என்பது முக்கியம். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது எங்கள் பகுதியில் படுத்தவற்றில் பெருங்கொன்றையும் குல்மொஹரும் தூங்குமூஞ்சியும்தான் அதிகம். வேகமாக நிழல் தருகிறது என்று நட்டவை. பனை ஒன்றுகூட விழவில்லை, புங்கமரம் ஒரு கிளையோடு தப்பித்தது. சாலை நடுவே வரிசையாக வைத்த கோனோகார்பஸ் செடிக்கு 2025-ல் தமிழக அரசே தடை போட வேண்டியிருந்தது. தண்ணீர் தேங்கும் ஓரத்துக்கு நீர்மருது, நாவல், பூவரசு. கொஞ்சம் மேட்டில் இலுப்பை, மகிழம், புன்னை. இதற்கு மேல் நிபுணர் யாரும் தேவையில்லை. பக்கத்துக் கிராமத்து ஏரிக்கரையில் என்ன நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

இனி குட்டை. நான் இதற்குச் சார்பானவன் என்பதால் இதன் மேல் உள்ள பயங்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கொசு என்று எல்லோரும் சொன்னார்கள். டெங்குக் கொசு பூந்தொட்டி, டயர், மூடாத டிரம் போன்ற சிறு கொள்கலன்களில் நிற்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். நகரத்து மலேரியாக் கொசுவுக்கு மேல்நிலைத் தொட்டியும் கிணறும் பிடித்த இடம். இரவில் காதில் ரீங்காரமிடும் சாதாரணக் கொசு சாக்கடைத் தண்ணீரில் பெருகும். மீனும் தட்டான்பூச்சியின் இளம்புழுவும் தவளையும் உள்ள நல்ல தண்ணீரில் கொசுப்புழு பிழைப்பது கஷ்டம். ஆகவே குட்டையில் கொசு வருமா என்ற கேள்விக்குப் பதில், குட்டைக்குள் சாக்கடை வருகிறதா என்பதில் இருக்கிறது. எங்கள் நிலத்தில் வருகிறது. மழைநீர் வடிகாலில் சில வீடுகளின் கழிவுநீர் இணைப்பு திருட்டுத்தனமாகச் சேர்ந்திருக்கிறது. சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. அந்த இணைப்புகளைத் துண்டிக்க முடியாது என்றால் என் யோசனையை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சாக்கடைக் குட்டையைக் காப்பாற்றச் சொல்லி அம்மாக்களிடம் கேட்க எனக்கு மனசு வராது.

பாம்பு இருக்கும். எலி இருக்கும் இடத்தில் சாரை இருக்கும், நல்ல பாம்பும் வரலாம். இப்போதும் இருக்கின்றன. பாதையோரம் இரண்டு மீட்டர் அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி வைத்து, பாதையில் மட்டும் தாழ்வான விளக்கு போட்டால் கால் வைக்கும் இடம் தெரியும். உயர விளக்கு வேண்டாம். தண்ணீர் மேல் இரவெல்லாம் வெளிச்சம் அடித்தால் பறவைகள் அடையாது.

குழந்தை தவறி விழுந்துவிட்டால்? இந்தப் பயத்தை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜேசிபி வைத்துச் செங்குத்தாக வெட்டிச் சுற்றிலும் கருங்கல் பதித்த குட்டைகள்தான் ஆபத்தானவை. விழுந்தால் ஏறப் பிடி கிடைக்காது. கரை சாய்வாக, ஓரத்தில் கணுக்கால் அளவில் தொடங்கி மெல்ல ஆழமாவது போல் இருந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும், பறவைகளுக்கும் அதுதான் தேவை. கணுக்கால் தண்ணீரில் மடையான் நிற்கும், சம்புக்குள் தாழைக்கோழி, நடு ஆழத்தில் முக்குளிப்பான். கல் பதித்த குட்டையில் இவை எதற்கும் இடமில்லை. இடுப்புயர வேலி ஒன்று பாதைக்கும் கரைக்கும் நடுவில் கட்டாயம் வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது ஆக்கிரமிப்பு. பார்க்கச் சும்மா கிடப்பது போல் இருக்கும் நிலத்தை இந்த ஊர் விட்டுவைத்ததில்லை. மாம்பலம் ஏரியை 1920-களில் வற்றவைத்துத்தான் தியாகராய நகர் வந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோட்டுக்கும் அதே நிலை. பள்ளிக்கரணையே ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்தது என்பார்கள். வருவாய்க் கணக்கில் கழுவெளி என்றால் பிரயோசனமில்லாத நிலம் என்று அர்த்தமாகிவிட்டது. அதன் மேல் குப்பைக் கிடங்கு, சாலை, ரயில், அலுவலகங்கள். 2007-ல் 317 ஹெக்டேர் வனத்துறைக்குப் போனது. 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியபோது கணக்கில் இருந்தது 1,247 ஹெக்டேர். எங்கள் ஒன்றரை ஏக்கரும் அந்தப் பெரிய தண்ணீரின் ஒரு விரல்நுனியாக இருந்ததுதான்.

அதனால் குட்டையை மூடி வைத்துக் காப்பாற்றலாம் என்ற யோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த இடத்தில் செம்மொழிப் பூங்காவையும் அடையாறு தொல்காப்பியப் பூங்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முன்னது கதீட்ரல் சாலையில் 20 ஏக்கர், 2010 நவம்பரில் திறந்தார்கள். பின்னது அடையாறு உப்பங்கழியை ஒட்டி 58 ஏக்கர், 2011 ஜனவரியில். இரண்டு மாத இடைவெளியில் பிறந்த இரண்டும் இரண்டு வேறு எண்ணங்கள். ஒன்றில் சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் போகலாம், குடும்பத்தோடு உட்காரலாம், மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதும். மற்றதைக் குப்பையிலிருந்து மீட்டு ஈரநிலமாக மறுபடி உயிர்ப்பித்தார்கள். பறவைகளுக்குத் தொந்தரவு கூடாது என்று அனுமதியை இறுக்கியே வைத்திருந்தார்கள். 58 ஏக்கர் கழிமுகத்துக்கு அந்தக் கட்டுப்பாடு சரி என்றே நினைக்கிறேன். ஒன்றரை ஏக்கருக்கு அது சரிவராது. நாலு பக்கமும் வீடு இருக்கும் நிலத்தைப் பூட்டினால் ஆறே மாதத்தில் சுவருக்கு மேலாகக் குப்பை விழும். தினம் நடக்கிறவர்கள் இருந்தால்தான் ஒரு லாரி வந்து நிற்கும்போது கேட்க ஆள் இருக்கும்.

மாநகராட்சி இப்போது பல இடங்களில் ஸ்பாஞ்ச் பூங்கா என்று போடுகிறது. நடுவைப் பள்ளமாக்கி மழைநீரைத் தேக்கி, சுற்றிலும் நடைபாதை. எங்கள் நிலத்தில் பள்ளம் ஏற்கெனவே இருப்பதால் தோண்டும் செலவுகூட மிச்சம். கேட்பதற்கு எளிதான பெயர் இதுதான் என்பதால் கடிதத்தில் இந்தப் பெயரையே பயன்படுத்தலாம். நடுப்பள்ளத்தில் மட்டும் கான்கிரீட்டோ கூழாங்கல்லோ வேண்டாம், இருக்கும் சம்பு இருக்கட்டும் என்று தெளிவாக எழுத வேண்டும்.

எல்லாம் பார்த்த பிறகு என் முடிவு இது. மேட்டுப் பக்கம் அரை ஏக்கர் மரப்பூங்கா. அங்கே பெஞ்சு, கழிப்பறை, மணல் கொட்டிய விளையாட்டு இடம், மண்பாதையில் ஒரு சுற்று. அம்மா ஆறு சுற்றுக்குப் பதில் எட்டுச் சுற்று நடக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. தாழ்ந்த ஒரு ஏக்கர் குட்டையாகவே இருக்கும். சீமைக் கருவேலத்தை ஒரே நாளில் வழித்துப் போடாமல் இரண்டு மூன்று கோடைகளில் பகுதி பகுதியாக, வேரோடு எடுக்க வேண்டும். வெறுமனே வெட்டினால் அடுத்த மழையில் இரட்டிப்பாகத் துளிர்க்கும். அதில் இப்போது கொக்குகள் அடைகின்றன, புன்னையும் நாவலும் எழும்பும் வரை அவற்றுக்கும் ஓர் இடம் வேண்டும். வடிகால் வந்து விழும் வாயில் ஒரு மண்படிவுத் தொட்டி, வருஷம் ஒருமுறை ஆனியில் தூர் எடுப்பது, ஆகாயத்தாமரை தலைகாட்டினால் அதே வாரம் பிடுங்குவது.

உங்கள் பகுதி நிலம் இப்படி இல்லாமல் இருக்கலாம். மேட்டு நிலமாக, கட்டடக் கழிவு கொட்டிச் செத்துப்போனதாக இருந்தால் கோயில்காட்டு மரங்களோடு மியாவாக்கியைத் தேர்ந்தெடுங்கள். வீடுகள் நெருக்கியடிக்கும் இடத்தில் கால் ஏக்கர்தான் இருக்கிறது, அதில் உயிரினம் என்று சொல்ல ஒன்றுமில்லை என்றால், நிழல் மரமும் விளையாட்டுச் சாமானும் வைத்த பூங்காவே போதும், புல்தரை மட்டும் வேண்டாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அந்த நிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எங்கள் கூட்டம் சித்திரையில் நடந்தது. வெடித்த தரையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அது பொட்டல்காடாகத்தான் தெரிந்தது.

சங்கத்தின் வரைவுக் கடிதத்தில் ‘காலியாகக் கிடக்கும் நிலத்தில் பூங்கா அமைத்துத் தரவும்’ என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்துவிட்டு, ‘எங்கள் தெருக்களின் மழைநீர் சேரும் குட்டையை நீர்நிலையாகப் பதிவு செய்து, அதன் மேட்டுப் பக்கத்தில் மரப்பூங்கா அமைத்துத் தரவும், வடிகாலில் சேரும் கழிவுநீர் இணைப்புகளை ஐப்பசிக்கு முன் துண்டிக்கவும்’ என்று எழுதியிருக்கிறேன். இரண்டு வரைவுகளும் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கையெழுத்துக்கு வைக்கப்படும். அதற்கு முன் ஆறரை மணிக்குப் புங்கமரத்தடிக்கு வந்தால் கரையைச் சுற்றிக் காட்டுகிறேன்.